சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை: மதுரைச் சமையலறைக்கு ஒரு நான்கு வாரப் பாடம்

"திங்கட்கிழமையிலிருந்து டயட்." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? ஓட்ஸ் பாக்கெட் வாங்குவோம். இரண்டு நாள் சாப்பிடுவோம். மூன்றாம் நாள் அது மேல் ஷெல்பில் ஏறிவிடும். நாம் பழையபடி நாலு இட்லி, கெட்டிச் சட்னி, ராத்திரி பரோட்டா என்று இறங்கிவிடுவோம்.

தப்பு உங்கள் மன உறுதியில் இல்லை. நம் வீட்டுச் சாப்பாட்டை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்றைக் கொண்டுவரப் பார்ப்பதில்தான் சிக்கல். இந்தப் பாடத்தில் எதையும் தூக்கிப் போடச் சொல்லப் போவதில்லை. அதே தட்டு, அதே அடுப்பு. மாறப்போவது அளவு மட்டும்தான்.

ஏன் இப்போதே?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெரியவர்களில் 11.4 சதவீதம். அதே ஆய்வுக் குழு 2025-ல் நம் தட்டைப் பற்றி இன்னொன்றும் சொன்னது. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதாவது அரிசி, ரவை, மைதா, சர்க்கரை.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால்தான் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று இருந்துவிடுகிறோம். தெரியவரும்போது சில பேருக்குச் சிறுநீரகமோ கண்ணோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும். மாதா மாதம் மாத்திரைச் செலவு, டெஸ்ட் செலவு, வேலைக்கு லீவு என்று அது ஒரு குடும்பத்தின் பட்ஜெட்டையே மாற்றிவிடும்.

முதலில் மூன்று நாள், போட்டோ மட்டும்

எதையும் மாற்றாதீர்கள். மூன்று நாள், சாப்பிடுவதற்கு முன் தட்டை உங்கள் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். டீ, வடை, மிக்சர், குளிர்பானம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

நாலாம் நாள் வரிசையாகப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும்:

1. தட்டில் எத்தனை பங்கு சோறு, இட்லி, பரோட்டா? எத்தனை பங்கு காய்?
2. பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி ஏதாவது ஒன்று எந்தெந்த வேளையில் இருந்தது?
3. பாக்கெட்டிலிருந்தும் கடை எண்ணெய்ச் சட்டியிலிருந்தும் வந்தவை எத்தனை?

நிறைய வீடுகளில் காய் என்பது தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலாகத்தான் இருக்கும். அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம்.

தட்டின் கணக்கு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு, சமைப்பதற்கு முந்தைய எடையில், கிட்டத்தட்ட இதுதான்:

- அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம்
- பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி: 85 கிராம்
- கீரை உட்பட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம்
- பால் அல்லது தயிர் 300 மில்லி
- எண்ணெய், நெய் 27 கிராம்

இத்தனை எண்ணையும் ஞாபகம் வைக்க முடியாது. சுருக்கமாக ஒரு வாய்ப்பாடு: அரிசி மூன்று பங்கு என்றால் பருப்பு ஒரு பங்கு, தட்டில் பாதி காய், பழம்.

இந்த மூன்றுக்கு ஒன்று மதுரைக்குப் புதிதல்ல. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம்ம ஊர் கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு உள்ளூர்க் காய்கறி. கணக்குப் போட்டால் அதே மூன்றுக்கு ஒன்றுதான் வருகிறது. பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் அந்த அளவு, வீட்டில் பெரியவர்கள் தட்டிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஏற்கெனவே இருக்கிறது. தேங்காய்ச் சட்னியோடு நிறுத்தாமல் காய் போட்ட சாம்பாரும் ஊற்றினால் கணக்கு சரியாகிவிடும். இட்லியை விட வேண்டியதே இல்லை.

முதல் வாரம்: காய்

400 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ காய். ஒரேயடியாக முடியாது. இந்த வாரம் செய்ய வேண்டியது, இப்போது சமைப்பதைப்போல இரண்டு மடங்கு. ஒரு பொரியலோடு ஒரு கூட்டு, அல்லது சாம்பாரில் இரண்டு காய்.

"காய் விற்கிற விலைக்கு..." என்று இழுக்க வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது மதுரை அண்ணா நகரில். இங்கே விற்பவர் அடையாள அட்டை பெற்ற விவசாயி; நடுவில் தரகர் இல்லை, கமிஷன் இல்லை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், வெளிச் சில்லறை விலையைவிடக் குறைவாக இருக்கும். சொக்கிகுளம், பழங்காநத்தம், ஆனையூர், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் இருப்பவர்களுக்கும் உழவர் சந்தை உண்டு. கிளம்பும் முன் விலை பார்க்க உழவன் செயலியில் சந்தை விலைப் பகுதி இருக்கிறது.

போகும்போது இரண்டு விஷயம். காலையிலேயே போங்கள், நல்ல காய் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம், கேரட்டும் பீன்ஸும்தான் சத்து என்று நினைக்காதீர்கள். சுற்று வட்டாரத்தில் விளையும் சுரை, பீர்க்கு, புடலை, கொத்தவரை, அவரை, முருங்கைக்கீரை, சிறுகீரை எல்லாமே அதே வேலையைச் செய்யும், பெரும்பாலும் விலையும் குறைவு. பழத்துக்கு ஆப்பிள் தேடவும் வேண்டாம். கொய்யாவும் பப்பாளியும் போதும். ஜூஸாக அடிக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து அப்போதுதான் முழுசாக வயிற்றுக்குப் போகும்.

இரண்டாம் வாரம்: பருப்பு

ரேஷனில் மானிய விலையில் ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி நான்கு பேருக்கு அது மூன்று நாள்தான் வரும். மீதிக்குத் துவரம் பருப்பையே நம்ப வேண்டாம். தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை என்று மாற்றி மாற்றிச் சுண்டலாகவோ குழம்பாகவோ போடலாம். முட்டை, மீன் சாப்பிடுபவர்களுக்கு அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

சாயங்காலம் வடை, பஜ்ஜி வாங்கும் நேரத்துக்கு வாரத்தில் மூன்று நாள் சுண்டல். இந்த வாரத்துக்கு இந்த ஒரு மாற்றம் போதும்.

மூன்றாம் வாரம்: எண்ணெய், உப்பு, சர்க்கரை

இவற்றைத் தினமும் அளக்க முடியாது. எளிய வழி ஒன்று இருக்கிறது. பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று, தேதியைச் செல்போனில் குறித்து வையுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு:

- எண்ணெய், நெய் சேர்த்து மாதம் சுமார் மூன்றரை லிட்டருக்குள்.
- உப்பு மாதம் 600 கிராமுக்குள். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சரில் இருக்கும் உப்பும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.
- சர்க்கரை ஒருவருக்கு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. அது சுமார் ஆறு டீஸ்பூன். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்று நாலு டீ குடித்தாலே எட்டு ஸ்பூன் ஆகிவிடும். பாதி சர்க்கரை போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

பாக்கெட் உணவு வாங்கும்போது பின்பக்க எழுத்து பொடியாக இருந்தால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு மூன்று பெயரில் சர்க்கரையோ எண்ணெயோ மைதாவோ இருந்தால், முன்பக்கப் படத்தில் எத்தனை பழம் இருந்தாலும் அது சர்க்கரை, எண்ணெய், மைதாதான். சோடியம் 2,000 மில்லிகிராம் என்றால் 5 கிராம் உப்பு. ஒரு நாள் கணக்கு அதிலேயே முடிந்துவிட்டது.

நான்காம் வாரம்: ராத்திரிக் கடை

தூங்கா நகரத்தில் இருந்துகொண்டு "இனி பரோட்டாவே இல்லை" என்று சபதம் போட்டால் அது நிற்காது. தினமும் என்பதை வாரம் ஒரு நாள் ஆக்குங்கள். அன்றைக்கும் நாலுக்குப் பதில் இரண்டு, கூடவே முட்டையும் வெங்காயத் தயிரும். சால்னாவை இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளாதீர்கள். ஜிகர்தண்டாவை வீட்டில் நாலு பேர் பங்கு போட்டுக் குடித்தால் சந்தோஷமும் குறையாது, சர்க்கரையும் ஏறாது.

கடையில் எண்ணெய் கறுத்துப்போய் இருக்கிறதா? பொருள் கெட்ட வாடை அடிக்கிறதா? உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம்.

"சிறுதானியம் சாப்பிட்டா சுகர் வராதாமே?"

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் செய்தி இது. குதிரைவாலி, கம்பு, சோளம் எல்லாம் நம் மானாவாரி நிலங்களில் விளையும் நல்ல தானியங்கள். ஆனால் அவையும் தானியங்களே. அரிசிக்கு பதிலாக, அதே அளவுக்குள் சாப்பிட வேண்டும். 2025 ஆய்வு சொன்னதும் இதைத்தான்: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியிலிருந்து அரைத்த கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, பருப்பு, பால் போன்ற புரதத்தைச் சேர்த்தபோதுதான் குறைந்தது.

இவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால், சர்க்கரை அளவு மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தின் அளவைப் பற்றிக் கேளுங்கள். சாப்பாடு சரியாகிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரை, பழம் எல்லாமே அளவு பார்த்துத்தான்; "சோடியம் குறைந்த உப்பு" அவர்களுக்கு ஆபத்தாகக்கூட முடியலாம். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுக்கு அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள்.

உங்கள் அளவு உங்களுக்குத் தெரியுமா?

2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நோய் இருப்பது உறுதியானவர்களுக்கு மருந்தும் வீடு தேடி வருகிறது. அவர்கள் வரும்போது "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். வரவில்லை என்றால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற நலவாழ்வு மையத்திலோ இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

வந்த எண்ணைத் தேதியோடு செல்போனில் குறித்து வையுங்கள். நான்கு வாரப் பாடம் முடிந்து மூன்று மாதம் அப்படியே தொடர்ந்தபின் மறுபடி பாருங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தட்டில் செய்த மாற்றம் உடம்பில் என்ன செய்திருக்கிறது என்று தெரியும்.

திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் முதல் போட்டோவை எடுத்துவிடுங்கள்.