ஆகஸ்ட் 15: நமக்கு என்ன?

ஜுருவில் நம் ஞாயிறு வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, ஆகஸ்ட் 15 இந்தியாவோட சுதந்திர நாள். நம்ம மெர்டேக்கா 31தானே? நமக்கு என்ன?"

நல்ல கேள்வி. 1872இல் ஸ்ரீ அரவிந்தர் பிறந்ததும், 1947இல் இந்தியா விடுதலை பெற்றதும் அந்தத் தேதியில்தான். 1945இல் ஜப்பான் மன்னர் வானொலியில் சரணடைவை அறிவித்ததும் அன்றுதான்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பிழைத்த பலர் வீடு திரும்பியது அந்த அறிவிப்புக்குப் பிறகுதான். என் கொள்ளுத்தாத்தா திரும்பவே இல்லை. பாட்டி சொல்லித்தான் அவர் பெயரே எனக்குத் தெரியும்.

தம்பி, தங்கைகளே! உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க: நம்ம குடும்பத்துல யார் சயாமுக்குப் போனது? பெயரை எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த வகுப்பில் அவர்களுக்காக விளக்கேற்றுவோம்.