64 கட்டங்களும் ஒரு அரியரும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள. கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று செஸ், இன்னொன்று அரியர். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செஸ் ஆடினால் பொறுமை வரும், ஞாபகசக்தி வளரும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வளரவில்லை. ஹாஸ்டலுக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து ஆடுகிறேன், இன்னும் மெஸ் க்யூவில் நிற்கப் பொறுமை கிடையாது. செஸ்ஸிடம் நான் கற்றது ஒன்றே ஒன்றுதான். தோற்ற ஆட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. கேட்க சுலபம். செய்து பாருங்கள், தெரியும்!

போன வருஷம் பாலிடெக்னிக்குகளுக்கு இடையே நடந்த போட்டியில் எனக்கு மூன்றாவது ரவுண்டு. ஆளுக்கு ஒரு மணி நேரம். பெரிய போட்டிகளில் இருப்பது போலவே, ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். எனக்கு வெள்ளைக் காய். 23-வது நகர்த்தலில் எதிராளியின் குதிரையைச் சும்மா வெட்டினேன். அவன் முகம் செத்துப் போச்சு. ஜெயித்தாச்சு என்று மனசுக்குள் ஊருக்கே போன் போட்டுவிட்டேன். அடுத்து அவன் யானையை நடுவில் காலியாக இருந்த கோட்டுக்குக் கொண்டுவந்தான். 'பாவம், வேற என்ன செய்வான்' என்று நினைத்தேன். 27-வது நகர்த்தலில் ஓரத்தில் நின்ற ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டு, கடைசி வரிசையில் காவல் நின்ற என் யானையை எடுத்தேன். அவன் யானை நேராக என் ராஜா வரிசைக்கு இறங்கியது. ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் என்னுடையவையே, அசையாமல் சுவர் மாதிரி நின்றன. செக் மேட்.

தாளைக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டேன். வெளியே வந்து, லைட் சரியில்லை, பக்கத்து டேபிளில் ஒரே சத்தம் என்றேன். எங்க பி.டி. சார் கேட்டது ஒரே கேள்வி. "தாள் எங்கடா?"

படிக்கட்டிலேயே உட்கார்ந்து போர்டை விரித்து முதலிலிருந்து ஆட வைத்தார். 27-ல் நானே நிறுத்தி, "இங்கதான் சார் தோத்தேன்" என்றேன். அவர் பேனாவை எடுத்து 24-க்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். "அவன் யானைய ஏன் அங்க வெச்சான்னு நீ கேட்கவே இல்ல. அப்பவே ஓரச் சிப்பாய ஒரு கட்டம் தள்ளியிருந்தா ராஜாவுக்கு ஒரு ஜன்னல் கெடச்சிருக்கும். குதிரை கெடச்சதும் நீ ஆட்டத்த விட்டு எழுந்து போயிட்ட. உடம்பு மட்டும்தான் நாலு மூவ் கழிச்சு எழுந்துச்சு."

பெரிய ஆட்டக்காரர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2010-ல் நம்ம விஸ்வநாதன் ஆனந்த், உலகப் பட்டத்தைக் காப்பாற்ற பல்கேரியாவின் சோபியா நகரில் டோபலோவுடன் ஆடினார். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் ஓடவில்லை. பிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகவே போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் 30 நகர்த்தலில் தோல்வி! சாக்கு சொல்ல வேண்டுமானால் எரிமலையே கையில் இருந்தது. நானாக இருந்தால் இன்றுவரை எரிமலையையே பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் காரணம் போர்டில் இருந்தது. வீட்டில் தயார் செய்து வைத்திருந்த நகர்த்தல்களின் வரிசையை அவர் மாற்றி ஆடிவிட்டார். மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தார். மே 11-ல், கடைசியான 12-வது ஆட்டத்தில் கறுப்புக் காயில் ஜெயித்துப் பட்டத்தைத் தக்க வைத்தார்.

குகேஷும் அப்படித்தான். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. 10-வது ரவுண்டில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கைவிட்டார். அந்த அணி தங்கம் வாங்கியது, குகேஷ் ஆடிய அணிக்கு வெண்கலம். அப்போது அவருக்கு வயது 16. இரண்டு வருஷம் கழித்து 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன். அப்போது வயது 18. (என் வயசுதான். இதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்!)

இனி அரியர் கதை.

நான் தோற்ற அதே வாரம் மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் போச்சு. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ரிசல்ட் தாளைக் காட்டி, எல்லாம் பாஸ் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நண்பர்களிடம், பேப்பர் திருத்தியவர் சரியில்லை என்றேன். லைட் சரியில்லை, பக்கத்து டேபிளில் சத்தம்... அதே பேச்சு!

படிக்கட்டில் சார் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். கவரைப் பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. பிரித்துப் பார்த்தால், திருத்தியவர் மேல் ஒரு குறையும் இல்லை. உத்திரத்தின் வளைவுத் திருப்புத்திறன் கணக்கு இரண்டிலும் வரைபடம் சரி, சூத்திரம் சரி. கிலோ நியூட்டன் மீட்டரில் வந்த விடையை நியூட்டன் மில்லிமீட்டராக மாற்ற வேண்டும். கிலோவுக்கு ஓர் ஆயிரம் பெருக்கியிருக்கிறேன். மீட்டருக்குப் பெருக்க வேண்டிய இன்னோர் ஆயிரத்தை விட்டிருக்கிறேன். இரண்டு கணக்கிலும் அதே இடம். அதற்குக் கீழே எழுதியது எல்லாம் வீண். படம் சரியாக வந்ததுமே கணக்கு முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறேன், குதிரை கிடைத்ததும் போன மாதிரி.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா கோயில் திண்ணையில் ஆடு புலி ஆடிக்கொண்டிருந்தார். மூன்று புலி, பதினைந்து ஆடு. அவர் எப்போதும் ஆட்டுப் பக்கம்தான். ஆட்டம் முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு சொன்னேன். ஒரு பேப்பர் பெயில், அன்னைக்குச் சொன்னது பொய் என்று. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பிறகு, கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "எந்த எடத்துல வுட்ட?" என்றார்.

சாரின் அதே கேள்வி!

நியூட்டன் என்றால் அவருக்கு என்ன தெரியும்? யோசித்துப் பார்த்து, ஒரு கிலோ நியூட்டன் என்றால் நாலு அரிசிச் சிப்பத்தின் எடை, கொஞ்சம் கூட என்றேன். அந்தச் சுமை சுவரிலிருந்து எத்தனை தூரம் தள்ளித் தொங்குகிறதோ அத்தனைக்கு உத்திரம் வளையும் என்று குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினேன். மூட்டைக் கணக்கைச் சரியாக மாற்றி, தூரக் கணக்கை மாற்றாமல் விட்டேன் என்றேன்.

"செமைய எழுதிட்டு தூரத்த வுட்டுட்டியா? தூரத்துக்குத்தான்டா கூலியே கூடும்" என்றார். அந்த ஒரு வரியில் எனக்குப் பாடம் புரிந்த மாதிரி வகுப்பில் புரிந்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன். பொய் சொன்னதைப் பற்றி மட்டும் பிறகு தனியாக நாலு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

இதை எழுதும் இன்று, அரியர் பரீட்சைக்கு இன்னும் 19 நாள். பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்து, தப்பு வந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வருகிறேன். நோட்டில் இப்போது கேள்விக்குறிதான் அதிகம். இந்த வாரம் ஊருக்கு வரும்போது செஸ் போர்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் அப்பா. எல்லாக் காயும் நேராகவோ மூலையாகவோ போகும்போது, குதிரை மட்டும் ஏன் தாண்டிக் குதித்துத் திரும்புகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.