சாராயத்தில் சத்து உண்டா?

கேள்வி: சாராயம், கஞ்சா, ஹெரோயின் எல்லாம் உடம்புக்குக் கலோரி தருமா?
– வாசகர், கித்துல்கல

பதில்: சாராயம் தரும், மற்றவை தருவது கணக்கில் வராது. மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, மதுசாரம் 7. 33.5 வீத மதுசாரமுள்ள சாராயம் 100 மில்லிலீட்டரில் ஏறத்தாழ 185 கலோரி உண்டு. ஹெரோயினோ மில்லிகிராம் அளவில்தான் உடம்புக்குள் போகிறது; கஞ்சாவைப் புகைத்தால் இலையின் மாச்சத்து எரிந்துபோய்விடும். "மலையில் வேலை செய்து வந்தவருக்கு ஒரு கிளாஸ் தெம்பு தருகிறதே" என்பார்கள். அது தெம்பல்ல, களைப்பை உணரவிடாத மயக்கம். மதுசாரத்தைச் சேமிக்க உடம்புக்கு வழியில்லை; ஈரல் அதையே முதலில் எரிப்பதால் கொழுப்பு எரியாமல் தங்குகிறது. தசைக்கு வேண்டிய புரதம் சாராயத்தில் இல்லை. தொடர்ந்து குடித்தால் உணவிலுள்ள தயமினும் (விற்றமின் B1) சரியாக உறிஞ்சப்படாது. கித்துள் கள்ளில் சீனி இருக்கிறதே என்றால், உண்மைதான்; ஆனால் புளிக்கப் புளிக்க அந்தச் சீனியே மதுசாரமாகிறது. இனிப்பின் கலோரிதான் வேண்டுமென்றால் கித்துள் பாணி போதும்.