மயக்க ஊசி போடுவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

கொலோனோஸ்கோப்பிக்கு வரும் எல்லோருக்கும் மயக்க ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். நார்வேயில் பலர் ஊசியே இல்லாமல் செய்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் ஊசி இல்லாமல் படுப்பவர் அபூர்வம். இரண்டு இடத்திலும் வேலை நடக்கத்தான் செய்கிறது.

குழாய் குடலின் உள்சுவரைத் தொடுவதால் வலிப்பதில்லை. சிக்மாய்டு வளைவில் அது சுருண்டு குடலைத் தாங்கும் சவ்வை இழுக்கும்போதும், காற்று உப்பும்போதும்தான் வலிக்கிறது. சுருள் விழுந்தது தெரிந்தால் தள்ளாதே. பின்னுக்கு இழுத்து, திருகி, நேராக்கு. காற்றைக் குறைத்துத் தண்ணீர் விட்டுப் போ. நோயாளியைப் புரண்டு படுக்கச் சொல். தூங்குகிறவரிடம் இந்தப் பாடம் கிடைக்காது. "டாக்டர், இழுக்குது" என்று சொல்ல அங்கே ஆளில்லை. ஊசி நோயாளிக்காகவா, நம் அவசரத்துக்காகவா? ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்.

அதற்காக வீம்பும் வேண்டாம். ஒல்லியான பெண்கள், கர்ப்பப்பை எடுத்தவர்கள், போன முறை துடித்தவர்கள் கேட்டால் தாராளமாகப் போடு. மிடாசோலத்துக்கும் ஃபென்டனிலுக்கும் முறிமருந்து உண்டு, ப்ரோபோஃபாலுக்குக் கிடையாது. அதனால் மூச்சைக் கவனிக்க மயக்க மருத்துவர் தனியாக நிற்கட்டும். குறட்டைக்காரர்களிடம் கூடுதல் எச்சரிக்கை.

ஊசி வேண்டுமா என்று எப்போது கேட்பது? பேதி மருந்து குடித்துச் சோர்ந்து, பின்பக்கம் திறந்த கவுனோடு ஒருக்களித்துப் படுத்திருப்பவரிடம் கேட்டால், "நீங்க பாத்து செய்ங்க டாக்டர்" என்பார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதே. தேதி குறிக்கும் அன்றே ஓ.பி.யில் கேள். ஊசி போட்டால் துணைக்கு ஆள் வேண்டும். அன்றைக்கு பைக் ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. போடாவிட்டால் வளைவுகளில் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும். ஆனால் ஸ்கிரீனைப் பார்க்கலாம், முடிந்ததும் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். தனியாக இருக்கும் பெரியவருக்குத் துணையில்லை என்பதே பல நேரம் முடிவைச் சொல்லிவிடும்.

இன்னொன்று. ரெடெல்மையர், கானமன் குழுவின் கொலோனோஸ்கோப்பி ஆய்வு 2003-இல் வெளிவந்தது, 682 நோயாளிகள். பரிசோதனையின் முடிவில் குழாயின் நுனியைச் சற்று நேரம் அசையாமல் வைத்தபோது, அது நீண்டும்கூட, அவர்கள் நினைவில் வலி குறைவாகவே தங்கியது. கடைசியில் பரபரக்காதே.

ஊசி வேண்டாம் என்றவருக்கும் கையில் மருந்து ஏற்ற வென்ஃப்ளான் போட்டு வை. பாதியில் "போட்டுடுங்க டாக்டர்" என்றால் உடனே போடு. முகம் சுளிக்காதே.

அன்புடன்,
உன் மூத்த சகா