இருதயமும் இரத்த ஓட்டமும்

வேடந்தாங்கல் ஏரியின் மதகைத் திறந்தால், பறவைகளின் எச்சத்தால் உரமேறிய நீர் வாய்க்கால்களில் இறங்கிக் கழனிகளில் பாய்கிறது. அங்கே பயிரால் உறிஞ்சப்பட்டும் வெயிலில் ஆவியாகியும் தீர்ந்து போகிறது. மறுபடி மழை பெய்தாலன்றி ஏரி நிரம்பாது. மனித தேகத்தில் இரத்தமும் இவ்வாறே செலவழிந்து போகிறதென்று ஐரோப்பிய வைத்தியர்கள் வெகுகாலம் எண்ணியிருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ் பெற்றிருந்த கேலன் என்னும் வைத்தியர், உண்ட உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் உண்டாகி, குழாய்களின் வழியே அங்கங்களுக்குச் சென்று அங்கேயே செலவாகிறதென்று போதித்தார். ஏறக்குறைய 1,400 வருஷங்கள் இக்கொள்கையே நிலவிற்று.

1628-ம் வருஷத்தில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் இதைத் தகர்த்தார். அதற்கு அவர் கையாண்ட கருவிகளில் ஒன்று, சங்கத்துக் காரியதரிசி எவரும் அறிந்த பெருக்கற் கணக்கேயாகும். இன்று அறியப்பட்டுள்ள அளவுகளைக் கொண்டு அக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயது வந்த ஒருவரின் இருதயம் ஓய்வில் நிமிஷத்திற்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. துடிப்பு ஒன்றுக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஆகவே நிமிஷத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். ஒரு மணியில் இவ்வளவு இரத்தம் உணவிலிருந்து புதிதாய் உண்டாகுமா? தேகத்திலுள்ள இரத்தமோ மொத்தம் சுமார் 5 லிட்டர்தான். ஆகையால் போனதே திரும்பி வருகிறதென்பது தவிர வேறு முடிவுக்கு இடமில்லை.

சங்க அங்கத்தினர்களுக்கு இது புதிய தத்துவமன்று. 1904-ல் அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவானது முதல், சங்கத்தின் சிறு முதல் பலருக்குப் பயன்படுவது அது வசூலாகித் திரும்புவதால்தான். இரத்தத்திற்கு உவமை ஏரி நீரைவிடச் சங்கத்தின் முதலே பொருந்தும்.

இருதயம் அவரவர் மூடிய கையளவுள்ள தசைப் பை. நடுச்சுவர் ஒன்று அதை வலம் இடமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலறை ஒன்றும் கீழறை ஒன்றும் உண்டு. தேகத்தைச் சுற்றி வந்த கருஞ்சிவப்பான இரத்தம் வலது மேலறையில் சேர்ந்து, கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. அங்கே கரியமிலவாயுவை விட்டுப் பிராணவாயுவை ஏற்று, செக்கச்செவேலென்று இடது மேலறைக்கு வருகிறது. இடது கீழறை அதைத் தமனிகளின் வழியே தேகம் முழுமைக்கும் செலுத்துகிறது. அதனாலேயே அதன் சுவர் மிகத் தடித்தது. வைத்தியர் குழல் வைத்துக் கேட்கும் ஓசை, அறைவாயில்களிலுள்ள ஒருபுறமே திறக்கும் கதவுகள் சாத்தும் ஓசையாகும்.

வேடந்தாங்கலுக்கு வரும் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் மனிதருக்குப் போலவே நான்கு அறைகள். ஏரி மீனுக்கு இரண்டே, தவளைக்கு மூன்று. இத்தவளைக்குச் சாஸ்திரம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. தமனியில் சென்ற இரத்தம் திரும்பி வரும் குழாய்களாகிய சிரைகளுக்கு எவ்வழியே மாறுகிறதென்பதை ஹார்வி காணவில்லை. 1661-ல் இத்தாலியரான மால்பிஜி, தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, மயிரினும் மெல்லிய குழாய்கள் இரண்டையும் இணைப்பதைக் கண்டார். இவை தந்துகிகள் எனப்படும். பிராணவாயுவும் உணவுச் சத்தும் பட்டுவாடாவாவது இங்கேதான்.

சிரையில் இரத்தம் இருதயத்தை நோக்கியே ஓடுகிறதென்பதை எவரும் தம் கையிலேயே சோதிக்கலாம். முழங்கைக்கு மேல் ஒரு துணியை மிதமாகக் கட்டினால், கட்டுக்குக் கீழே நரம்பு என்று நாம் சொல்லும் நீலச் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அதன் மேற்புறமுள்ள முடிச்சைத் தாண்டித் தோளை நோக்கி வழித்தால், இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே நிற்கும். அம்முடிச்சே ஒருவழிக் கதவு. அழுத்திய விரலை எடுத்தவுடன் கீழிருந்து இரத்தம் நிரம்பும். பார்த்தானதும் துணியை அவிழ்த்துவிட வேண்டும்.

ஊருக்கெல்லாம் பங்கிடும் இருதயத்திற்கும் தன் பங்கு வேண்டும். பெருந்தமனியின் தொடக்கத்திலேயே பிரியும் இரு குழாய்கள் அதற்கு ஊட்டமளிக்கின்றன. புகையிலை, நீரிழிவு, மிகுந்த இரத்த அழுத்தம் முதலியவற்றால் இவற்றினுள் கொழுப்புப் படிந்து, ஒருநாள் இரத்தக் கட்டியால் அடைபட்டால், அப்பகுதித் தசை நேரம் செல்லச் செல்ல மடிகிறது. இதுவே மாரடைப்பு. நடுமார்பில் பாரம் வைத்தாற்போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் குறிகள். சர்க்கரை வியாதியஸ்தருக்கு வலியின்றியும் வருவதுண்டு. கிராமங்களில் இதை வாயு என்று கருதி, ஓமத் தண்ணீரைக் குடித்துப் படுத்துவிடுவதே பெரும் ஆபத்து. 2023-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டேடின் ஆகிய மாத்திரைகள் முதல் வேளைக்கென்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கப்பட்டன. 108-க்குத் தெரிவித்து நோயாளியை நடக்கவிடாமல் கொண்டுசெல்ல வேண்டும்.

இரத்த அழுத்தம் மிகுவது பெரும்பாலும் தெரிவதில்லை. அளந்தே அறிய வேண்டும். வேறு வேறு நாட்களில் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருப்பின் வைத்தியரைக் காண வேண்டும். மாத்திரை தொடங்கியவர், சுகமாயிருக்கிறதென்று தாமாக நிறுத்தலாகாது. அளவு குறைந்திருப்பது அம்மாத்திரையினாலேயே.