டேங்கர் விமானம் யாருக்கு?

கேள்வி: அரசு ஒப்பந்தங்களில் உள்நாட்டு நிறுவனத்துக்குச் சலுகை காட்டுவது நியாயமா?

பதில்: சலுகையை முன்கூட்டியே விதியாக எழுதிவைத்தால் நியாயம்தான். அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டு ‘பை அமெரிக்கன்’ சட்டம் அந்த வகை. டெண்டர் திறந்தபின் வரும் சலுகைதான் வம்பு.

2008-இல் அமெரிக்க விமானப்படை, வானிலேயே எரிபொருள் நிரப்பும் 179 விமானங்களுக்கு நார்த்ராப்–ஏர்பஸ் கூட்டணியைத் தேர்ந்தெடுத்தது. மதிப்பு சுமார் 3,500 கோடி டாலர். அமெரிக்கர்களின் வேலை ஐரோப்பாவுக்குப் போகிறதே என்று, போட்டியில் தோற்ற போயிங்கின் ஆதரவு எம்.பி.க்கள் கொதித்தார்கள். கூட்டணியின் விமானங்கள் ஒருங்கிணைக்கப்படவிருந்த அலபாமாவின் எம்.பி.க்களோ எதிரணியில்!

ஒப்பந்தம் கவிழ்ந்தது அந்தக் கூச்சலால் அல்ல. விமானப்படை தான் அறிவித்த மதிப்பீட்டு முறையையே மீறியதாக அரசின் தணிக்கை அமைப்பு கண்டறிந்தது.

மறு டெண்டரில், 2011-இல், குறைந்த விலை கேட்டு போயிங் வென்றது. பெரும்பாலும் நிலையான விலை என்பதால், பின்னர் எகிறிய செலவில் 700 கோடி டாலருக்கு மேல் அதன் தலையிலேயே விழுந்தது.