நீண்டது நிலையானதாகுமா?

தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீப் பாலைவனம் அட்லாண்டிக் கடலைத் தொடும் கரையில், போகன்ஃபெல்ஸ் என்னும் இயற்கையான பாறை வளைவு நிற்கிறது. அதன் உயரம் சுமார் 55 மீட்டர். அப்பகுதியில், மனிதர் கைவிட்டுச் சென்ற வைரச் சுரங்க ஊர்கள் மணலில் புதைந்து கிடக்கின்றன.

1908-ஆம் ஆண்டில், லூடெரிட்ஸ் நகருக்கு அருகே இருப்புப் பாதையில் மணலை அகற்றிக்கொண்டிருந்த சகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி, ஒளிரும் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதைத் தம் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் தந்தார். அது வைரம்! விரைவில் கோல்மன்ஸ்கோப் என்ற ஊர் எழுந்தது. நீரற்ற அம்மணலில் மருத்துவமனையும் நடன மண்டபமும் பனிக்கட்டித் தொழிற்சாலையும் தோன்றின. தெற்கே பொமோனாவில் தொழிலாளர்கள் மணலில் ஊர்ந்து சென்று வைரங்களைப் பொறுக்கினர். பின்னர், 1928-இல், ஆரஞ்சு நதியருகே இன்னும் வளமான படிவுகள் கண்டறியப்பட்டன. மக்கள் அங்கே பெயர்ந்தனர். 1956-இல் கோல்மன்ஸ்கோப் ஆளற்றதாயிற்று. பெருஞ்செல்வராக விளங்கிய ஸ்டௌக் 1947-இல் வறுமையில் மறைந்தார்.

'ஊர் அழிந்தது, பாறை நிற்கிறது. மனிதன் செய்தது அநித்தியம், இயற்கையே நித்தியம்' என்று நம் மனம் உடனே முடிவு செய்கிறது. இங்கேதான் சாதகன் நிதானிக்க வேண்டும். அவ்வளைவு எவ்வாறு உண்டாயிற்று? கடலலைகள் பாறையின் மெலிந்த பகுதியை அரித்து வழி திறந்தன. அந்த அலைகள் இன்றும் ஓயவில்லை. வளைவை உருவாக்கியதே அதை ஒருநாள் வீழ்த்தவும் செய்யும். ஊருக்கும் பாறைக்கும் உள்ள வேறுபாடு கால அளவில் மட்டுமே.

தத்துவபோதம் கூறும் நால்வகைச் சாதனைகளுள் முதலாவது நித்திய-அநித்திய விவேகம். அது குறுகியதை விட்டு நீண்டதைப் பற்றுவதன்று. கடோபநிஷதத்தில் யமன் செல்வத்தோடு நீண்ட ஆயுளையும் தர முன்வந்தான். எவ்வளவு நீண்ட வாழ்வும் அற்பமே என்று கூறி நசிகேதன் அதனை மறுத்தான். நித்தியம் என்பது நெடுங்காலம் இருப்பதன்று; காலத்திற்கே உட்படாதது.

பொருளாசையைத் துறந்தவர்கூட 'என் பெயராவது நிலைக்கட்டும்' என்று கல்வெட்டில் அதைப் பொறிக்க விரும்புவதுண்டு. அவர் மணலை விட்டுப் பாறையைப் பற்றியவர். பற்றை விட்டவர் அல்லர். தோன்றுவதையும் மறைவதையும் அறிகின்ற, தான் தோன்றாமலும் மறையாமலும் இருக்கின்ற ஆத்மாவை நாடுவதே விவேகம். 'நான் இன்று எதைப் பற்றினேன்? அது நிலையானதா, அல்லது சற்று நீண்டதா?' என்று ஒவ்வொரு நாளும் உறங்குமுன் தன்னையே கேட்பது சாதகனுக்கு நல்ல பயிற்சியாகும்.